உன் தம்பி ஓய்வெடுத்த கதை

பீமவரம்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் ஸ்ரவந்திக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நானும் என் வீட்டுக்காரர் உன் நான்னாவும் உன் தம்பியும் உயிரோடும் ஓரளவு புத்தியோடும் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை கிரணும் இரண்டிலும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எதிர்வீட்டு சுபத்ரம்மா மகனைப் பார்க்க டல்லாஸ் வருகிறாள். அவள் பெட்டியில் எனக்குக் கொடுத்த இடத்தில் ஆவக்காய் ஜாடியும் பூதரேகுலு இனிப்பு டப்பாவும் போக மிச்சமிருந்த சந்தில் இந்தக் கடிதத்தைச் செருகி அனுப்புகிறேன். வாரா வாரம் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வீடியோவில் உன் நான்னா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். தம்பி எங்கே என்று நீ கேட்டவுடன் "மீட்டிங்ல இருக்காம்மா" என்று சொல்லி போனை எலுமிச்சைச் செடிப் பக்கம் திருப்பிவிடுகிறார். இந்த ஐந்தாறு மாதத்தில் நீ அந்தச் செடியின் இலை ஒவ்வொன்றையும் பார்த்திருப்பாய். மீட்டிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பார்கவுக்கு உடம்பு சரியில்லாமல் போய் வேலையும் போய்விட்டது. பதறாதே, இப்போது தேவலை, அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுப் பிறகு உன் நான்னாவோடு சண்டை போடு.

அவன் ஹைதராபாத்தில் வெப்சைட் கட்டும் வேலை பார்த்தான் என்பது உனக்குத் தெரியும். எதைக் கட்டினான் என்பது தெரியாது. மனதுக்கு ஓய்வு விற்கிற ஒரு கம்பெனிக்குத்தான் கட்டினான். மாதாமாதம் பணம் கட்டினால் போனில் ஒரு குரல் மூச்சை இழு, மூச்சை விடு என்று சொல்லுமாம், மழைச் சத்தம் போட்டுக் காட்டுமாம், தூங்கு என்று ஞாபகப்படுத்துமாம். நம் ஊரில் மழை வந்தால் கால்வாயைத் தூர்வாராதவனைத் திட்டுவோம், அங்கே பணம் கொடுத்துக் கேட்கிறார்கள், போகட்டும். அந்தத் தளத்தின் முகப்பு முழுக்க உன் தம்பியின் பொறுப்பு. பச்சை நிறம் போட்டால் இன்னும் கொஞ்சம் அமைதி வேண்டும் என்பார்களாம், நீலம் போட்டால் அமைதி அதிகமாகிவிட்டது, யாரும் பணம் கட்ட மாட்டார்கள் என்பார்களாம். எவ்வளவு அமைதி வேண்டுமானாலும் அது நாளைக் காலைக்குள் வேண்டும். ஊரைத் தூங்கவைக்கிற தளத்தைத் திறப்பதற்காக இவன் வாரக் கணக்கில் தூங்கவில்லை. நான் கூப்பிடும்போதெல்லாம் "இந்த வாரம் முடிஞ்சுடும்மா" என்பான். வாரம்தான் முடிந்தது.

ஒருநாள் அவனோடு அறையில் தங்கியிருந்த இம்தியாஸ் கூப்பிட்டான். "ஆன்ட்டி, பயப்படாதீங்க. பார்கவ் பாத்ரூமுக்குள்ள போனவன் வெளிய வரல. கதவத் தட்டினா அஞ்சு நிமிஷம்ங்கறான். காலைலேந்து அதே அஞ்சு நிமிஷம்தான் ஓடிட்டிருக்கு" என்றான். பயப்படாதீர்கள் என்று சொன்ன பிறகு எந்தத் தாய் பயப்படாமல் இருந்திருக்கிறாள். உன் நான்னா ரயிலா பஸ்ஸா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே நான் பஸ் ஏறிவிட்டேன். நான் போய்ச் சேர்வதற்குள் இம்தியாஸ் எப்படியோ பேசிக் கதவைத் திறக்கவைத்திருந்தான். ஆனால் இவன் வெளியே வரவில்லை. அலுவலகத்துக்குக் கிளம்பின சட்டை பேன்ட்டோடு கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒன்றும் இல்லை, பத்து விரலும் மட்டும் தொடைமேல் தட்டிக்கொண்டே இருந்தன. சாப்பிட்டாயா கண்ணா என்று கேட்டேன். "பாத்துட்டு சொல்றேம்மா" என்றான். தான் சாப்பிட்டானா என்பதை எங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவான், சொல்.

இம்தியாஸ் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனான், நஸ்ரீன் என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டாள். "இது சோம்பேறித்தனம் இல்லம்மா, பைத்தியமும் இல்ல. உடம்பும் மனசும் சேந்து கைய விரிச்சிடுச்சு. பர்ன் அவுட்னு சொல்வோம். மாத்திரை தர்றேன். மூணு மாசம் கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது. அதவிட முக்கியம், யாரும் இவர்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது" என்றாள். நான் சொன்னேன், "டாக்டரம்மா, நாங்க பீமவரம். அங்க இருக்கறவங்க கேள்வி கேக்காம இருக்கறதுக்கு ஏதாவது மாத்திரை இருந்தா அதையும் எழுதிக் குடுங்க." அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கம்பெனிக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது, அவ்வளவு அன்பு. அவனுடைய மேனேஜர் ஸ்வப்னில் போனில் கூப்பிட்டு, "எவ்வளவு நாள் வேணுமோ எடுத்துக்கோ பார்கவ், நீதான் எங்களுக்கு முக்கியம், திங்கக்கிழமை மீட்டிங் கால்ல மட்டும் ஒரு பத்து நிமிஷம் வந்துட்டுப் போ" என்று உருகினார். ஒரு அட்டைப்பெட்டி வந்தது. வாசனை மெழுகுவர்த்தி, 'உன் நலமே எங்கள் பலம்' என்று எழுதின கோப்பை, கூடவே இவனே கட்டின அந்த ஓய்வுத் தளத்துக்கு ஒரு வருட இலவசச் சந்தா. அதோடு விட்டார்களா. ஓய்வெடுப்பது எப்படி என்று ஒரு வகுப்பு, கட்டாயம் பார்க்க வேண்டும், முடிவில் பரீட்சை. பரீட்சை எழுதாவிட்டால் விடுப்பு செல்லாதாம். டாக்டர் திரையைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாளே, அதனால் இவன் பேரில் நான் உட்கார்ந்து எழுதினேன். முதல் வகுப்பில் தேறினேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு மத்தியானம் ஒழுங்காகக் கண் அசராத எனக்கு ஓய்வில் நிபுணி என்று சான்றிதழ் வந்திருக்கிறது, வரும்போது காட்டுகிறேன்.

அவனை பீமவரம் கூட்டிவந்தேன். லேப்டாப்பை வாங்கி என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். உன் நான்னா மின்வாரியத்தில் இருந்தவர் அல்லவா, பர்ன் அவுட் என்றதும் ரொம்பத் தெளிவாகப் புரிந்துகொண்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "பையனுக்கு ஃபியூஸ் போயிருக்கு, லோடு ஜாஸ்தி, வேற ஒண்ணுமில்ல" என்று விளக்கம் கொடுத்தார். ஓய்வையும் ஒழுங்காக எடுக்கவேண்டும் என்று அட்டவணை போட்டார். விடிவதற்குள் எழுந்து நடை, பிறகு வெதுவெதுப்பாகத் தண்ணீர், பிறகு சூரிய நமஸ்காரம், பிறகு பகவத்கீதை, பிறகு கட்டாயத் தூக்கம். தூக்கம் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். நான்கு நாளில் பிள்ளை என்னிடம் வந்து, "அம்மா, ஆபீஸ்ல லீவு கேட்டா குடுப்பாங்க, இவர்கிட்ட யார் கேக்கறது" என்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் அவன் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்ததே என்று நான் அடுப்படியில் போய் அழுதேன்.

உறவுக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். பையனைத் தொந்தரவு செய்யக்கூடாது, நன்றாக ஓய்வெடுக்க விடவேண்டும் என்பதை அவனை எதிரில் உட்காரவைத்து மூன்று மணி நேரம் எடுத்துச் சொன்னார்கள். என் தம்பி, உன் சூரிபாபு மாமா, இறால் கூடை ஒன்றை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, "சும்மாதானே இருக்க மாப்ள, நம்ம இறால் குட்டைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றான். கோவில் கமிட்டிக்காரர், கல்யாண மண்டபத்துக்காரர், சலூன் வைத்திருக்கும் உன் சித்தியின் ஓரகத்தி மகள், எல்லாருக்கும் அதே ஐந்து நிமிஷம். டாக்டர் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்றாளே என்றால், "அது ஆபீஸ் கம்ப்யூட்டர் அக்கா, இது நம்ம வீட்டு வேலைதானே" என்கிறான் என் தம்பி. பார்கவ் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன். எல்லாருக்கும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுப்பான். போர்வைக்கு வெளியே விரல்கள் மறுபடி தட்டத் தொடங்கியிருப்பதைப் பார்த்தேன். அன்றிலிருந்து வாசல் கேட்டைப் பூட்டினேன். அது அவமரியாதை என்று உன் நான்னா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. வீடு கொஞ்சம் அமைதியாக இருந்தது.

அடுத்தது தணுக்கு ஊர்ச் சம்பந்தம். தரகர் எப்போதோ சொல்லிவைத்த இடம், நல்ல குடும்பம், பெண்ணும் ஹைதராபாத்தில் இதே தொழில், பிரணவி என்று பெயர். இப்போது வேண்டாம் என்று நான் கத்தினேன். தள்ளிப்போட்டால் பையனுக்கு ஏதோ குறை என்று ஊரில் பேசுவார்கள், பையன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான் என்று சொல்லிவிட்டேன் என்றார் உன் நான்னா. நாங்கள் பெண் பார்க்கக் கிளம்புகிறோம், இவர் பார்கவின் தோளில் லேப்டாப் பையை மாட்டிவிடுகிறார். "அங்க போயும் பையக் கீழ வைக்காத. ரொம்பப் பெரிய வேலையில இருக்கான்னு தெரியணும்" என்று அறிவுரை. லேப்டாப்தான் என் புடவைக்கு அடியில் பூட்டிக் கிடக்கிறதே, நான் சாவி தரவில்லை. பை தொளதொளவென்று தெரியக்கூடாது என்று உள்ளே பஞ்சாங்கத்தையும் இரண்டு துண்டையும் மடித்துவைத்து ஜிப்பை இழுத்துவிட்டார் உன் நான்னா. நாற்பது வருஷ அரசாங்க உத்தியோகம் அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

தணுக்கில் ராஜ மரியாதை. பெண்ணின் அப்பா அந்தப் பையைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்த இடத்துலயும் வேலையா, பொறுப்பான பையன்" என்று பூரித்துப்போனார். உன் நான்னா, "என்னங்க பண்றது, இவன் இல்லன்னா அங்க ஒண்ணும் நடக்காது" என்றார். மைசூர்பாகு வந்தது, சம்பளம் பற்றிய பேச்சு வந்தது, உன் நான்னா ஒரு தொகை சொன்னார், அது இவன் எப்போதும் வாங்காத தொகை. பிறகு இருவரும் பேசட்டும் என்றார்கள், ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. அந்தப் பெண் தலை நிமிராமல், "இப்ப என்ன ப்ராஜெக்ட் பண்றீங்க" என்று கேட்டாள். சாதாரணக் கேள்வி. பார்கவ் அவன் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பையை மடியில் எடுத்து வைத்து ஜிப்பைத் திறந்து துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து டீபாய்மேல் வைத்தான், பஞ்சாங்கத்தையும் வைத்தான். "ஒண்ணும் பண்ணலீங்க. எனக்கு உடம்பு முடியாம போச்சு. கீபோர்டு முன்னாடி உக்காந்தா கை நடுங்குது. மாத்திரை சாப்பிடறேன். மறுபடி எப்ப வேலை செய்வேன்னு எனக்கே தெரியாது. மன்னிச்சிடுங்க" என்றான். குரல் நடுங்கவில்லை. பெண்ணின் அப்பா பஞ்சாங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல நேரம் முடிந்துவிட்டதா என்று யோசித்தாரோ என்னவோ. காபி வரவில்லை. கிளம்பினோம்.

வாசலில் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என் பின்னாலேயே வந்தாள். "ஆன்ட்டி, அந்த டாக்டர் நம்பர் கொஞ்சம் தர்றீங்களா? எனக்கில்ல, என் ஃப்ரெண்டுக்கு" என்றாள். குறித்துக்கொள்ளக் கையை நீட்டியபோது பார்த்தேன், நகமெல்லாம் சதை தெரியக் கடித்து வைத்திருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன். நம்பரைச் சொல்லி அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு வந்தேன்.

காரில் உன் நான்னா முன்சீட்டில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஊர் எல்லை தாண்டினதும் வெடிக்கப்போகிறார் என்று நான் வாயைத் தயாராக வைத்திருந்தேன். வெடிப்பதற்காகத்தான் திரும்பினார். பார்கவ் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். மாத்திரை இல்லாமல், மழைச் சத்தம் இல்லாமல், மாதங்களுக்குப் பிறகு முதல் தூக்கம். விரல்கள் அசையவில்லை. உன் நான்னா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டிரைவரிடம், "மெதுவா போப்பா, கால்வாய் ரோடு வழியாப் போ" என்றார். அது சுற்று வழி. வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் எழுப்ப வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்த வெயிலில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுபத்ரம்மா ஓடிவந்து, "என்ன அண்ணி, சம்பந்தம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். உன் நான்னா வாயில் விரலை வைத்து அவளைத் துரத்தினார். டிரைவர் காத்திருந்ததற்குத் தனியாகப் பணம் கேட்டான், பேரம் பேசாமல் கொடுத்தார். அவர் பேரம் பேசாமல் கொடுத்து நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா?

அதற்குப் பிறகு ஒரேயடியாகக் குணமாகிவிட்டான் என்று நினைக்காதே. நல்ல நாளும் வரும், சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற நாளும் வரும். ஆனால் அடுத்த தடவை சூரிபாபு வந்து அந்த வெப்சைட் என்ன ஆச்சு, அஞ்சு நிமிஷ வேலைதானே என்றபோது, "அஞ்சு நிமிஷ வேலைதான் மாமா. அதான் பண்ண மாட்டேன்" என்றான். நான் தோசைக் கரண்டியோடு நின்றுவிட்டேன். என் வயிற்றில் பிறந்தது முதன்முதலாக 'மாட்டேன்' என்று சொல்கிறது. பேசத் தொடங்கினபோதுகூட நான் இவ்வளவு சந்தோஷப்படவில்லை. சூரிபாபு கோபித்துக்கொண்டு சில நாள் இறால் அனுப்பவில்லை. பாலகொல்லுவில் யாரையோ பிடித்து வெப்சைட் போட்டுக்கொண்டான், அதில் இறால் படத்துக்குக் கீழே கல்யாண மண்டபத்தின் நம்பர் இருக்கிறதாம், இப்போது மண்டபத்துக்காரருக்கு இறால் ஆர்டர் வருகிறது. தரகர் இன்னொரு இடம் சொல்லக் கூப்பிட்டபோது உன் நான்னா என்ன சொன்னார் தெரியுமா? "பையன் வேலைக்குப் போகல, உடம்பு சரியில்ல, மாத்திரை சாப்பிடறான். இத முதல்ல சொல்லிட்டு அப்புறம் ஜாதகம் கேளுங்க" என்று போனை வைத்துவிட்டார். அவருக்குள்ளும் ஏதோ மாறியிருக்கிறது, காட்டிக்கொள்ள மாட்டார்.

டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடிந்ததும் ஸ்வப்னில் கூப்பிட்டார். அதே ஓய்வுக் கம்பெனி, இப்போது அலுவலகத்தில் களைத்துப்போனவர்களுக்கென்றே தனியாக ஒன்று ஆரம்பிக்கிறார்களாம், அனுபவப்பட்டவன் நீதான் வேண்டும் என்றார். பார்கவ் நிதானமாக, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேலை செய்ய மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்க மாட்டேன் என்றான். "உன்னோட வெளிப்படைத்தன்மைய நாங்க ரொம்ப மதிக்கிறோம்" என்றார் அவர். அவ்வளவு மதித்தார்கள், அந்த வாரமே வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். உன் தம்பி அன்று மத்தியானம் கோங்கூராப் பச்சடி போட்டு மூன்றாவது தடவை சாதம் கேட்டான்.

போன மாதத்திலிருந்து விசாகப்பட்டினத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நோயாளிகள் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்கிற பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சம்பளம் பாதிகூட இல்லை. ஆனால் வாட்ச்மேன் சாயங்காலம் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாராம், உள்ளே யாராவது இருந்தால் காலையில்தான் திறப்பாராம். இதைவிடப் பெரிய வைத்தியம் எந்தக் கம்பெனியில் கிடைக்கும்? நேற்று போனில், கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும், பொத்தான் எங்கே இருந்தால் விரல் படும் என்று விடாமல் பேசினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ம் ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கை நடுங்குகிறதா என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. அவனே, "இன்னிக்கு கொஞ்சம்தாம்மா" என்றான்.

அதனால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை கம்பெனியில் இவனுக்கு ஒரு இடம் பார்த்திருக்கிறாய், இங்கிருந்தே ராத்திரி வேலை, டாலர் சம்பளம் என்று உன் நான்னாவிடம் சொன்னாயாம். உன் பாசம் எனக்குத் தெரியும். அதை விட்டுவிடு. உன் தம்பியே 'மாட்டேன்' என்றுதான் சொல்வான், அதைக் கேட்டு நீ வருத்தப்படக்கூடாது என்று முன்னாலேயே நான் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று. போன ஞாயிறு வீடியோவில் உன் பின்னால் ஒரு பெட்டி தெரிந்தது. சங்கராந்திக்கு இங்கே வந்துவிட்டுத் திரும்பினபோது நான் கயிறு கட்டிக்கொடுத்த பெட்டி. அந்தக் கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை ஸ்ரவந்தி. உள்ளே உனக்குப் பிடித்த கந்திப் பருப்புப் பொடியும் புதுப் புடவையும் இருக்கின்றன. ஆறு மாதமாக ஒரு கயிற்றை அவிழ்க்க உனக்கு நேரம் இல்லையா, தெம்பு இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. உன் நான்னாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அட்டவணை போட்டு அனுப்புவார். தம்பியிடம் மட்டும் சொன்னேன். "அக்காவுக்கு அறிவுரை சொல்லாதம்மா. தூங்கறாளான்னு மட்டும் கேளு" என்றான். கேட்கிறேன். தூங்குகிறாயா, கண்ணே?

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் எல்லா ஆசியும் எப்போதும் உண்டு. அன்னவரம் சாமி உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். ஆவக்காய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி போடாதே, மேலே எண்ணெய் நிற்கிறதா என்று பார்த்துக்கொள். கடிதம் கிடைத்ததும் கூப்பிட வேண்டாம். பெட்டியை அவிழ்த்துவிட்டு, ஒரு தூக்கம் தூங்கிவிட்டுக் கூப்பிடு. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை, நான் காத்திருப்பேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ராஜ்யலட்சுமி.